தொட்டுப் பார்த்தால் தெரியும் காய்ச்சல்

போன மார்கழியில் என் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்ததால், புல்லையும் காய்ச்சலையும் சேர்த்து யோசிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் ஸ்டூலில் பெரியம்மா. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும், ஊரா காலனியா என்று கேட்டார். நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டு எழுதி மேசையில் தள்ளினார். மூன்று நாள் தொடர்ந்து போய் ஊசி போட்டுக்கொண்டோம்.

எட்டாம் நாள் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர், திரைக்குப் பின்னால் பெரியம்மாவின் துணியைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை கையால் தடவிப் பார்த்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்புக்குப் பின்னால், பட்டாணி அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. பீடி நெருப்பால் சுட்டது போல இருந்தது. “காட்டுப் பக்கம், புல்லுப் பக்கம் போனீங்களாம்மா?” என்று கேட்டார். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அன்று இரவே மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை.

பெரியம்மாவோடு அதே கரையில் புல் அறுத்த இன்னொரு அம்மா, அதற்கு முந்தைய வாரம் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் செத்துப்போயிருந்தார். டெங்கு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் உடம்பில் அப்படி ஒரு பொருக்கு இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த நோய்க்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. இந்தப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. உண்ணி என்றதும் நாம் நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணியை நினைத்துக்கொள்கிறோம். நம் வீட்டில் மாடே இல்லையே, நமக்கெப்படி வரும் என்று விட்டுவிடுகிறோம். இதைப் பரப்புவது அந்த உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய சிலந்திப்பேன் வகை ஒன்றின் குஞ்சு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எலிகள் நடமாடும் புதர்களில் கூட்டமாக இருக்கும். மனிதர்மேல் ஏறினால் துணி இறுகும் இடமாக, ஈரமும் சூடும் உள்ள மடிப்பாகத் தேடிப் போய்க் கடிக்கும். கடித்தது வலிக்காது. நோய்க் கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது. காலனியில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால் “அங்கே சுத்தமில்லை, பரவுது” என்று ஊரில் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஜப்பானில் நீகாட்டா போன்ற பகுதிகளில், ஆற்றங்கரை வெள்ளநிலங்களில் அறுவடை செய்த உழவர்களைக் கொன்ற நோயாக இது வெகுகாலமாக அறியப்பட்டிருந்தது. ‘சுட்சுகாமுஷி’ என்றார்கள், தீங்கு செய்யும் பூச்சி என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் சண்டையிட்ட படைவீரர்கள் பலரும் இதற்குப் பலியானார்கள். 1948இல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் இதைக் குணமாக்க முடியும் என்பது உறுதியானது.

உடம்புக்குள் நடப்பதை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். கடித்த இடத்தில் கிருமி இறங்கியதும் அங்குள்ள தோல் செல்கள் சாகின்றன. அதுதான் கறுப்புப் பொருக்கு. பக்கத்தில் நெறி கட்டும். பிறகு கிருமி ரத்தத்தில் கலந்து, சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களின் உள்பக்கச் சுவரில் உள்ள செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. மண்சுவரில் ஈரம் ஏறினால் பூச்சு உதிர்ந்து ஒழுகத் தொடங்குவது போல, குழாய்கள் கசிய ஆரம்பிக்கின்றன. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத் திணறல். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீர் குறையும். மூளையைத் தாக்கினால் பிதற்றல், வலிப்பு. இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அந்த முதல் வாரத்தில் பெரும்பாலும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி போன்றவைதான் தெரியும். தட்டணுவும் குறைவதால் டெங்கு என்று நினைக்க இடமுண்டு.

கிளினிக்கில் போட்ட ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் கிருமியின் வெளிச்சுவரை உடைத்துக் கொல்பவை. இந்தக் கிருமியோ நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. அந்த ஊசியை எத்தனை முறை போட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும் டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரைதான் இதற்கு மருந்து. காலத்தோடு கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது மேலானது என்பதை, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நாட்டின் 7 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. உலகம் முழுவதும் படிக்கும் ஆய்வு அது. நடந்தது நம் பக்கத்தில். மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் காய்ச்சலின் முதல் சில நாட்களில் அதில் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடிய முக்கியமான அடையாளம் அந்தப் பொருக்கு. எல்லோருக்கும் வராது. வந்தாலும் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, இடுப்பில் ஒளிந்திருக்கும். வலிக்காது, அரிக்காது, எனவே நோயாளிக்கே தெரியாது. பாடப்புத்தகப் படங்களில் வெளுத்த தோலில் சிவப்பு வளையத்தோடு பளிச்சென்று இருக்கிறது. நம் கறுத்த தோலில் அந்த வளையம் அவ்வளவாகத் தெரியாது. வியர்வை படும் மடிப்பில் இருந்தால் கறுப்பாகக்கூட இல்லாமல் வெளிறிய புண்ணாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்திரம் வேண்டாம். துணியை விலக்கி, விளக்கைப் பிடித்து, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை இந்தப் பகுதியில் வருவதற்குக் காரணம் அந்தக் கடைசி வேலைதான். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும்போதும் பரிசோதிக்கும்போதும் தொடாமல் ஒதுங்குவது அதில் பதிவாகியிருக்கிறது. தீண்டாமையைக் காரணம் காட்டி மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் உள்ளே உட்காரவைத்து, சிரித்துப் பேசி, மூன்றடி தள்ளியிருந்தே மருந்து எழுதுவதை எந்தப் பிரிவில் புகார் செய்வது? காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவருக்கு யாரையும் தொட நேரமில்லை என்பதும் உண்மை. என் பெரியம்மாவைப் பார்த்தவர் எந்தக் காரணத்தால் தொடவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. காலனியா என்று ஏன் கேட்டார் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

தடுப்பு முறைகளையும் சொல்ல வேண்டும். புதரில் வேலை செய்துவிட்டு வந்ததும் துணியைக் களைந்து வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பது நல்லது. புல்தரையில் நேராக உட்காராமல் சாக்கு விரித்துக்கொள்ளலாம். துணியைப் புதர்மேல் காயப்போட வேண்டாம். துண்டறிக்கைகளில் ‘புதர்ப் பகுதிகளுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்’ என்று முதல் வரியிலேயே போடுகிறார்கள். விறகுக்கும் புல்லுக்கும், கழிப்பறை இல்லாத வீட்டில் காலைக்கடனுக்கும் புதருக்குத்தான் போயாக வேண்டும். நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரைப் புதரை வெட்டச் சொன்னதும் அரசுதான்.

மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் நம் பக்கம் அதிகம். ஐந்து நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும், படிக்கிற பிள்ளைகள் வீட்டிலேயே அம்மாவின் முதுகை, இடுப்பை, அக்குளைப் பார்த்துச் சொல்லலாம். பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டால் சிஸ்டரைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். “பதினைந்து நாள் முன்னாடி புல் அறுக்கப் போனேன், ஸ்க்ரப் டைபஸா இருக்குமா, உடம்பைப் பாருங்க” என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் நம் ஆட்களுக்கு நிறைய. கோபித்துக்கொள்ளட்டும்.

பெரியம்மா இப்போதும் அதே ஏரிக்கரைக்குத்தான் போகிறார். சாக்கு ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். தெருவில் யாராவது காய்ச்சல் என்று படுத்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க, கையத் தூக்கு” என்கிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டார். அவனுக்கு வெறும் சளிக் காய்ச்சல்தான். ஆனாலும் சட்டையைக் கழற்றவைத்து, டார்ச் அடித்து, முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.