மல்லிகைச் செடி மஞ்சளாவது ஏன்?

மதுரை மல்லிகையின் புகழ் ஊரறிந்தது. 2013-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நம் வீட்டு மாடியில், தொட்டியில் இருக்கும் மல்லிகையைப் பாருங்கள். நேற்று வரை பச்சை. இன்று மஞ்சள்! பூ குறைகிறது. மொட்டு சிறுத்துப் போகிறது.

"கண் பட்டுவிட்டது" என்கிறாள் பாட்டி. "தண்ணீர் போதவில்லை" என்கிறார் அப்பா. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். செடி இன்னும் மஞ்சளாகிறது. ஒரு மாதத்தில் அது குப்பைக்குப் போகிறது.

பாவம்! பிழைக்க வேண்டிய செடி.

எந்த இலை?

மஞ்சளானது அடி இலையா, கொழுந்து இலையா? முதலில் இதைப் பாருங்கள்.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால், பெரும்பாலும் செடிக்குப் பசி. தழைச்சத்து போதவில்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நீர்க்கக் கரைத்து ஊற்றுங்கள். மார்கழிக் குளிரில் நாலு பழுத்த இலை உதிர்ந்தால் அது நோயே அல்ல.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? அது இரும்புச் சத்துக் குறைவு.

மண்ணில் இரும்பு இல்லையா? இருக்கும். ஆனால் வேர் அதை எடுக்க முடியாது. சோறு இருக்கிறது, பானை பூட்டிக் கிடக்கிறது! பூட்டியது சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தொட்டி மண்ணிலும் சுண்ணாம்பு சேரும். தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அன்னபேதி வைத்தியம்

இது புது வைத்தியம் அல்ல. 1840-களிலேயே பிரான்சு நாட்டில் யூசெப் கிரி என்பவர், வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பச்சையாக்கிக் காட்டினார்.

அந்த இரும்பு உப்புக்கு நம் ஊர்ப் பெயர் அன்னபேதி. உரக் கடையில் 'பெரஸ் சல்பேட்' என்று கேளுங்கள். வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் வாங்காதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. வெயில் தணிந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். இலை பச்சையாகும் வரை மாதம் ஒரு முறை போதும். மிச்சத்தை வைத்து மறுநாள் தெளிக்காதீர்கள், பலன் இராது. துணியில் பட்டால் துருக்கறை போகாது.

ஒரு எச்சரிக்கை! குழந்தைகள் அன்னபேதியைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அப்பா ஊற்றிய தண்ணீர்

செடி முழுவதும் வெளுத்து, மண் எப்போதும் சதசதவென்று இருக்கிறதா? அப்படியானால் அன்னபேதியும் வேண்டாம், பிண்ணாக்கும் வேண்டாம். வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. தொட்டியின் அடித் துளையில் குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். துளை இல்லாத பிளாஸ்டிக் வாளி என்றால் துளை போடுங்கள். நாற்றம் வந்தால் செடியை எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, செம்மண்ணும் மணலும் மட்கிய சாணமும் கலந்த புது மண்ணில் நடுங்கள். இனி விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர்.

மஞ்சளான பழைய இலை மறுபடி பச்சையாகவில்லையே என்று கவலை வேண்டாம். புதிதாக வரும் கொழுந்தைக் கவனியுங்கள்.