பேசாத இடங்காட்டி

விண்ணிலிருந்து வரும் காலக்குறிப்புகளைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கும் கருவியே இடங்காட்டி, வழக்கில் ஜிபிஎஸ். அது கணித்ததை மடிக்கணினியின் நிரலொன்று படிப்பது வேறு வினை. இரண்டின் பழுதையும் 'இணையவில்லை' என்ற ஒரே சொல்லால் குறிப்பதாலேயே, கம்பியில் தேட வேண்டியதை விசும்பிலும், விசும்பில் தேட வேண்டியதைக் கம்பியிலும் தேடுகிறோம். கருனி கருவியை அறியாமை, அறிந்த கருவியை நிரல் எட்டாமை, எட்டிய கருவி வானைக் காணாமை எனப் பழுது மூவகைப்படும். இலினக்சு இம்மூன்றையும் தனித்தனியே வினவ விடுகிறது.

வன்பொருளுக்கும் நிரலுக்கும் இடைநின்று ஆளும் உள்ளகமே கருனி. கருவியைச் செருகியவுடன் அது தன் குறிப்பேட்டில் எழுதுவதை 'டிமெஸ்க்' என்னும் கட்டளை காட்டும். தொடர்மாற்றிச் சில்லு கொண்ட கருவி 'டிடிஒய்யுஎஸ்பி0' என்றும், நேரே பேசும் கருவி 'டிடிஒய்ஏசிஎம்0' என்றும் பெயர் பெறும். பெயர் பிறவாவிடில் கம்பியையும் செருகுவாயையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பெயர் பிறந்தும் பேச்சில்லை எனில், அது பெரும்பாலும் உரிமைச் சிக்கலே. டெபியன் வழிவந்த அமைப்புகளில் இவ்வாயில்கள் 'டயலவுட்' என்னும் குழுவுக்கு உரியவை. தொலைபேசிக் கம்பிவழியே கணினிகள் பேசிய நாளின் எச்சம் அப்பெயர். பயனரை அக்குழுவில் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தாலன்றி உரிமை வாராது. இதனை மறந்து மாலை முழுதும் இழந்தவருள் நானும் ஒருவன். இனி, பிறர் கைப்பற்றலும் உண்டு. சிஎச்340 என்னும் மாற்றிச் சில்லைப் பார்வையற்றோர்க்கான பிரெயில் பலகை என மயங்கி, 'பிஆர்எல்டிடிஒய்' நிரல் எடுத்துக்கொள்ளும். குறிப்பேட்டில் பெயர் தோன்றிய சில நொடியிலேயே மறையும்.

ஆங்கிலத்தார் பேயின் பெயரால் அழைக்கும் பின்னணி நிரலை நான் ஏவலன் என்பேன். அச்சமூட்டாமல் வேலையைச் சொல்லும் சொல் அது. இடங்காட்டிக்குரிய ஏவலன் 'ஜிபிஎஸ்டி'. கருவியைத் தான் ஒருவனே படித்து, 2947 என்னும் வாயில்வழி கேட்போர்க்கெல்லாம் பகிர்வது அதன் தொழில். கேட்போர் வரும்வரை கருவியைத் திறவாதிருத்தல் அதன் இயல்பாதலால், அதனைப் பழுதென்று கொள்ளலாகாது. ஏவலன் படிக்கும்போதே வேறொரு நிரலும் கருவியைத் திறந்தால், வரிகள் துண்டுபட்டு இருவர்க்கும் பங்காகும்.

கருவி பேசும் மொழி என்எம்இஏ 0183. அதன் வழக்கமான விரைவு நொடிக்கு 4800 நுண்மிகள். மாற்றிச் சில்லுள்ள கருவிக்கு விரைவைப் பிழையாகக் குறித்தால் பொருளற்ற குறிகள் திரையில் கொட்டும். விரைவு பொருந்தியபின் ஒரு வரி வரும்: தொடக்கத்தில் 'ஜிபிஆர்எம்சி', பின் இரண்டு காற்புள்ளிகள், 'வி' என்னும் ஓர் எழுத்து, அதன்பின் வரிசையாக வெற்றுக் காற்புள்ளிகள், இறுதியில் சரிபார்ப்பெண். புதியவர் இதனைக் கண்டு கருவி கெட்டதென்பார். உண்மையோ நேர்மாறு. கம்பியும் உரிமையும் விரைவும் நலமென்பதற்கு அவ்வெறுமையே சான்று. 'வி' சொல்வது, வான் இன்னும் கிட்டவில்லை என்பது மட்டுமே.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் தன் செய்தியை நொடிக்கு 50 நுண்மிகளாகவே அனுப்புகிறது. ஒரு சட்டகம் முடிய 30 நொடி, கோள்நிலைப் பட்டி முழுதும் சேர 12.5 மணித்துளி. இடத்தின் மூன்று அளவைகளுக்கும் கருவியின் சொந்த மணிப்பொறிப் பிழைக்குமாக நான்கு கோள்கள் தேவை. ஆகவே கருவியைக் கூரைக்கடியில் வைத்துக் கட்டளைகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, திறந்த மாடியில் வைத்துக் காத்திருப்பதே பயன் தரும்.

'வி' மாறி 'ஏ' ஆனபின் காற்புள்ளிகளுக்கிடையே எண்கள் நிரம்பும். தஞ்சைப் பெரிய கோயிலருகே அகலாங்கு 1046.97 என வரும். அது 10 பாகையும் 46.97 பாகைத்துளியும். அதனை 10.4697 பாகை எனப் படித்தவரின் வரைபடத்தில் கோயில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும்.