செய்தியை வைத்துப் பொருளியல் நடத்துவது எப்படி?

நீங்கள் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தும் ஆசிரியராக இருக்கலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோராகவும் இருக்கலாம். விலை ஏறினால் தேவை குறையும் என்று மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். போன வாரம் வெங்காயம் விலை ஏறியபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அதற்கும் பாடத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. அந்தத் தொடர்பைக் காட்டச் செய்தித்தாள் உதவும். ஆனால் ஒரு செய்தியை எடுத்தால் அது முடியும்வரை விடாமல் பின்தொடர வேண்டும்.

எந்தச் செய்தியை எடுப்பது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். செய்தி மாணவர் வீட்டு வரவையோ செலவையோ தொட வேண்டும். அதில் ஒரு எண் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் அதன் அடுத்த கட்டம் தெரிய வேண்டும். காய்கறி விலை, பஸ் கட்டணம், வங்கி வட்டி எல்லாம் இதற்குப் பொருந்தும். பங்குச்சந்தை ஏற்ற இறக்கத்தை முதல் செய்தியாக எடுக்காதீர்கள். அதற்குக் காரணம் சொல்வது பெரியவர்களுக்கே கடினம்.

வகுப்பில் எப்படித் தொடங்குவது?

2023 ஜூலையை எடுத்துக்கொள்வோம். அப்போது தக்காளி பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஏன் என்று கேளுங்கள். "வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள்" என்று யாராவது சொல்வார்கள். மறுக்காதீர்கள். "பழுத்த தக்காளியை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும். கோடை வெயில், மழை, செடியைத் தாக்கிய நோய் ஆகியவற்றால் அந்த ஆண்டு அளிப்பு (விற்பனைக்கு வரும் சரக்கின் அளவு) குறைந்ததை அதன் பிறகு சொல்லுங்கள். முதலில் கேள்வி, பிறகு காரணம், கடைசியில் கலைச்சொல். இந்த வரிசை மாறாமல் இருக்கட்டும்.

அடுத்த கேள்வி: "உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?" ஒருவர் புளிக்குழம்புக்கு மாறியிருப்பார். இன்னொருவர் வீட்டில் பாதியாகக் குறைத்திருப்பார்கள். ஓட்டல் நடத்தும் வீட்டுப் பிள்ளை, குறைக்க முடியவில்லை என்பார். தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) என்ற பாடம் இப்போது பாதி முடிந்துவிட்டது.

அப்போது சென்னையில் அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தை விலையைவிடக் குறைவாக விற்றால் வரிசை ஏன் நீள்கிறது? சரக்கு தீர்ந்தபின் வந்தவருக்கு என்ன வழி? செலவு கூடினால் அதை யார் ஏற்பது? இந்த மூன்று கேள்விகளும் ஒரு முழு வகுப்புக்குப் போதும்.

பின்தொடர்வது ஏன் அவசியம்?

அதே ஆண்டு செப்டம்பரில் தக்காளி விலை சரிந்தது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பல இடங்களில் விவசாயிகள் வருந்தினார்கள். முன்பு இருந்த நல்ல விலையைப் பார்த்துப் பலரும் நட்டார்கள். நட்டதெல்லாம் இரண்டு மூன்று மாதங்களில் ஒன்றாகச் சந்தைக்கு வந்தது.

ஜூலையோடு நிறுத்திய வகுப்பு, பற்றாக்குறை வந்தால் விலை ஏறும் என்பதை மட்டும் கற்றிருக்கும். செப்டம்பர்வரை போன வகுப்பு, விலை விவசாயியின் முடிவை மாற்றுகிறது, அந்த மாற்றம் தாமதமாகச் சந்தைக்கு வருகிறது என்பதையும் கற்றிருக்கும். நாம் கொடுக்கும் விலை இன்னொருவரின் வருமானம் என்பது அப்போதுதான் மாணவர் மனதில் பதியும்.

தலைப்புச் செய்தியே குழப்பினால்?

அடிக்கடி குழப்பும் தலைப்பு, "பணவீக்கம் குறைந்தது" என்பது. இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் (பொருள்களின் விலை ஓராண்டில் சராசரியாக ஏறிய வேகம்) 2023 ஜூலையில் 7.44 சதவீதம், ஆகஸ்டில் 6.83 சதவீதம். விலை குறைந்துவிட்டதாக மாணவர்கள் நினைப்பார்கள். ஓராண்டுக்கு முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் அப்படியல்ல. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் 100 ரூபாய்க்கு வாங்கியது 2023 ஆகஸ்டில் சுமார் 106 ரூபாய் 83 காசு. ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. பலகையில் இந்தக் கணக்கைப் போட்டே காட்டுங்கள்.

வட்டிச் செய்தியையும் கணக்காக்குங்கள். ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும்போது ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) 2022 மே முதல் 2023 பிப்ரவரிவரை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். அதையொட்டி வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. 20 ஆண்டு வீட்டுக் கடன் 10 லட்சம் ரூபாய்க்கு வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 7,750 ரூபாய். அதுவே 9.5 சதவீதமானால் சுமார் 9,320 ரூபாய். அந்த 1,570 ரூபாயை ஒரு குடும்பம் எந்தச் செலவிலிருந்து எடுக்கும் என்று கேளுங்கள். வட்டி ஏறினால் கடைகளில் வியாபாரம் ஏன் மந்தமாகிறது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அரசியல் பேச்சாகிவிடாதா?

ஆகலாம். அதனால் "யார் சரி?" என்று கேட்காதீர்கள். "யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?" என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. நகரத்தில் வாங்குபவர்களுக்கு அது ஆறுதல். வெங்காயம் அதிகம் விளையும் நாசிக் பகுதி விவசாயிகளுக்கு இழப்பு. ஒவ்வொரு மாணவரும் இரு தரப்புக்காகவும் ஐந்தைந்து வரி எழுதட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு வருமானம், கடன், சம்பளம் பற்றி வகுப்பில் கேட்காதீர்கள். பொருளின் விலையைக் கேட்டால் போதும். எந்தப் பிள்ளையும் மற்றவர் முன் கூசிப்போகக் கூடாது.

பாடம் முடிக்கவே நேரமில்லையே?

வாரத்தில் ஒரு நாள், பதினைந்து நிமிடம் போதும். அந்த வாரம் நடத்தும் பாடத்துக்குப் பொருந்தும் செய்தியையே எடுங்கள். அது கூடுதல் வேலையாகாது, அன்றைய பாடத்தின் எடுத்துக்காட்டாகிவிடும். தேர்விலும் சொந்த உதாரணத்தோடு எழுதும் பதில் தெளிவாக இருக்கும்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே தினமும் விலைப் பலகை வைப்பார்கள். இல்லையென்றால் தெருமுனைக் காய்கறிக் கடையில் கேட்கலாம். மூன்று காய்களின் விலையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் மாணவர்கள் குறிக்கட்டும். விலை சட்டென்று மாறும் வாரத்தில் அன்றைய செய்தியை அதன் பக்கத்தில் ஒட்டி, காரணத்தை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து, ஊகம் சரியா என்று அவர்களையே சோதிக்க வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் விலைச் செய்தியைக் கையில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இதிலிருந்தே வந்துவிடும்.