துடிக்கும் செல்லுக்கு மின்சாரத் தேகப்பயிற்சி!

ஒரு கண்ணாடித் தட்டு. அதில் சில செல்கள் தாமாகவே துடித்துக் கொண்டிருக்கின்றன! அவை மனித இருதயத்தின் செல்கள். ஆனால், யாருடைய நெஞ்சில் இருந்தும் எடுத்தவை அல்ல. ஆராய்ச்சிக் கூடத்தில் உண்டாக்கியவை.

இது எப்படி?

ஜப்பான் நாட்டு விஞ்ஞானி ஷின்யா யமனாகா, 2006-ம் ஆண்டில் எலியின் செல்களுக்குள் 4 ஜீன்களைச் செலுத்தினார். அவை கருவில் உள்ள செல்களைப் போல மாறிவிட்டன! 2007-ல் மனிதனின் தோல் செல்களையும் அப்படியே மாற்றினார். இவற்றுக்கு "ஸ்டெம் செல்" என்று பெயர். இவற்றை நரம்பாகவும் வளர்க்கலாம், இருதயமாகவும் வளர்க்கலாம். இதற்காக 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாரடைப்பு

மாரடைப்பில் இருதயச் செல்கள் செத்துப் போகின்றன. அந்த இடத்தில் தழும்புதான் உண்டாகிறது. 25 வயது மனிதனுக்கே, ஆண்டுக்கு 100 இருதயச் செல்லில் ஒன்றுதான் புதிதாகிறது.

அப்படியானால், தட்டில் வளர்த்த செல்களை அங்கே வைக்கலாமே?

2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குரங்குகளின் இருதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. ஆனால், இருதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது! செல்கள் முதிராமல் இருந்ததே ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

எரியும் விளக்கு

நம் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன. ஒரு வீட்டில் பல விளக்குகள் இருப்பது போல! எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே செல்லின் வேலை அமைகிறது.

கருவில் இருக்கும் இருதயத்தில் சில ஜீன்கள் வேலை செய்யும். குழந்தை பிறந்து வளரும்போது அவை அடங்கிப் போகும். வேறு ஜீன்கள் விழித்துக் கொள்ளும். அப்போது தசை பலம் பெறும். முன்பு சர்க்கரையை எரித்து வேலை செய்த செல், இப்போது கொழுப்பையே அதிகமாக எரிக்கும்.

தட்டில் வளர்ந்த செல்லிலோ, பழைய விளக்குகளே எரிந்தன!

360 துடிப்பு

நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். செல்களைச் சிறு தசையாக வளர்த்து, மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைத்தார்கள். முதலில் நிமிடத்துக்கு 120 துடிப்பு. தினமும் சிறிது சிறிதாகக் கூட்டி, 360 துடிப்பு வரை கொண்டு போனார்கள்!

நான்கு வாரத்தில் பலன் தெரிந்தது. பல ஜீன்கள், வளர்ந்த மனிதனின் இருதயத்தில் உள்ளது போலவே வேலை செய்தன. தசை நார்கள் வரிசையாக அமைந்தன. இதை 2018-ல் அவர்கள் வெளியிட்டார்கள்.

செல்கள் துடிக்கத் தொடங்கியதுமே பயிற்சி கொடுத்தால்தான் இந்தப் பலன். காலம் கடந்து கொடுத்தால் அவ்வளவு பலன் இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

என்ன பயன்?

புதிய மருந்து இருதயத்தைக் கெடுக்குமா என்பதை, நோயாளிக்குக் கொடுக்கும் முன்பே இந்தத் தசையில் சோதிக்கலாம். முதிராத செல்லில் சோதித்தால், பெரியவர்களுக்கு என்ன ஆகும் என்பது சரியாகத் தெரியாது.

இந்தச் செல்கள் இன்னும் முழு வளர்ச்சி அடையவில்லை. அந்த வளர்ச்சியும் கைகூடினால், மாரடைப்பில் செத்த தசைக்குப் பதிலாக, நோயாளியின் தோலில் இருந்தே புதிய தசையை வளர்க்க வழி பிறக்கும்!