அப்பாருவின் மஞ்சப்பை

அப்பாரு வெள்ளியங்கிரி மலைக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரியே மஞ்சப்பை தயாராகிவிடும். பழைய வேட்டியில் கிழித்த துணி, சுக்கு, ஓமம், ஒரு டப்பா அமிர்தாஞ்சன், காகிதத்தில் மடித்த உப்பு, இரண்டு வேப்பங்குச்சி. கூடவே ஒரு பிளேடு. “எதுக்குங்க அப்பாரு பிளேடு?” என்று கேட்டேன். “பூச்சி பொட்டு தீண்டுனா இறுக்கிக் கட்டிக் கீறி உடோணும் கண்ணு” என்றார். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினால் ஏழு மலைக்கும் அதுதான் எங்கள் ஏற்பாடு.

இன்று என் மகன் முதுகுப் பையோடு ஏறுகிறான். மருந்தெல்லாம் ஒரு சின்ன ஜிப் பைக்குள் அடங்கிவிடுகிறது. பிளேடை முதலில் எடுத்தெறிந்தது நான்தான். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் கேடுதான் செய்யும். கடிபட்ட காலை அசைக்காமல், தடியை அணையாக வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குக் கட்டுகிற துணி மட்டும் இன்றும் வேட்டித் துணிதான். சுளுக்கு, ரத்தக்காயம், வெயில் எல்லாவற்றுக்கும் உதவுகிற பொருள் அதைப்போல வேறில்லை.

உப்புப் பொட்டலத்தின் இடத்துக்கு ஓ.ஆர்.எஸ். வந்திருக்கிறது. 1971-ல் வங்கதேச அகதி முகாமில் காலராவால் துவண்டு கிடந்தவர்களுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். ஆனால் நம் ஆட்கள் ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவதை வழி நெடுகப் பார்க்கிறேன். அது தவறு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர் வேண்டும்.

கொப்புளத்துக்கும் வழி மாறிவிட்டது. அன்று ஊசியால் குத்தி எண்ணெய் தடவுவோம். இன்று குதிகால் சுடத் தொடங்கியதுமே நின்று, ஈரம் துடைத்து, பேப்பர் பிளாஸ்திரி ஒட்டினால் பெரும்பாலும் கொப்புளம் வராது. முதல் நாளே நகத்தை வெட்டிவிடுங்கள்; இறங்கும்போது கால்விரல்கள்தான் அடிவாங்கும்.

அதிகம் மாறியது தண்ணீர்தான். கைதட்டிச் சுனையில் அன்று இரு கையாலும் அள்ளிக் குடித்தோம். இன்று பிப்ரவரி முதல் மே வரையிலான சீசனில் ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சம் வரிசையாக மேலேறுகிறது. அத்தனை பேரும் வழியில் எங்காவது ஒதுங்கத்தானே வேண்டும்? அதனால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறோம். ஒதுங்குவதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் சுனையிலிருந்து எழுபது தப்படியாவது தள்ளி. காலி பாக்கெட், பிளாஸ்திரிக் காகிதம் எல்லாம் நம்மோடு கீழே வந்துவிட வேண்டும்.

2024 சீசனில் ஏறியவர்களில் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் உயிரிழந்தார்கள். அதற்கு இந்தப் பையில் மருந்தில்லை. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் கிளம்புமுன் டாக்டரைப் பாருங்கள். வழியில் நெஞ்சு கனத்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்த வருஷமும் மலை திறக்கும்.