கலகமும் கலவரமும்

பாடசாலைக்குச் சென்ற பிள்ளை பொழுதுபட்டும் வீடு திரும்பவில்லை. தாய் படலையடியில் நிற்கின்றாள். ‘அவள் முகத்திற் கலவரம் தெரிந்தது’ என்று எழுதுகின்றோம். கடைகள் எரியும்போதும் ‘நகரிற் கலவரம்’ என்றே எழுதுகின்றோம். ஒருத்தியின் நெஞ்சில் நிகழ்வதற்கும் தெருவில் நிகழ்வதற்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்திற்று?

கலங்குதல் என்னும் வினையை நோக்குக. குளத்தில் எருமை இறங்கினால் அடியிற் கிடந்த சேறு மேலெழும். நீரின் தெளிவு மறையும். மனம் கலங்கினாலும் அதுவே நிலை. கலவரமும் பொருளால் இதனை அடுத்தே நிற்கின்றது: தெளிவு குலைந்து அச்சம் மேலெழுந்த நிலை அது. குழப்பம் என்பதும் இவ்வினத்ததே. ஆயினும் யாழ்ப்பாணத்தார் அதன் வழியாகக் ‘குழப்படி’ என்றொரு சொல்லை ஆக்கிச் சிறுவர்க்கென்றே பெரிதும் ஒதுக்கிவிட்டனர்!

கலகம் வேறு. வடமொழிக் ‘கலஹ’ என்பதன் வழிவந்தது. சச்சரவு என்பது பொருள். ஒருவன் கலகஞ் செய்தான் என்றால், யாரை எதிர்த்து என்ற வினா உடனே எழும். 1848 இல் மாத்தளையில் ஆங்கில ஆட்சியை எதிர்த்தோரை ஆட்சியாளர் கலகக்காரர் என்றனர். பின்வந்தோர் அதனையே கிளர்ச்சி என்றனர். பெயர் மாறினும், எழுந்தவர் யார், எதிர்க்கப்பட்டவர் யார் என்பது மறையவில்லை.

கலவரமோ பெரும்பாலும் ‘மூண்டது’, ‘வெடித்தது’, ‘பரவியது’ என்றே வாக்கியத்தில் வரும். காட்டுத்தீப்போலத் தானாக வந்தது போன்ற தோற்றம். செய்தவன் அவ்வாக்கியத்தில் இல்லை. இங்கேதான் இச்சொல்லை நாம் எச்சரிக்கையோடு ஆளவேண்டியிருக்கின்றது. 1983 யூலையிற் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிர்கள் பல அழிந்தன. எரிக்க வந்தோர் சிலரின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தமை பதிவாகியுள்ளது. பட்டியலைப் பார்த்து வீடு தேடுவது கலங்கிய நீரின் செயலன்று. ஆயினும் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ஆடிக் கலவரம். அப்பெயர் போதாது என்று விலக்குவோர் கூறுவதில் நியாயம் உண்டு.

அன்று வீடிழந்த முதியோர் சிலரோ ‘கலவரத்துக்கு முந்தி’, ‘கலவரத்துக்குப் பிந்தி’ என்றே இன்றும் காலத்தைக் கணக்கிடுகின்றனர். அவர்கள் எரித்தவனை மறந்து பேசுபவரல்லர். அவர்கள் வாயில் அச்சொல் தெருவைக் குறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டுத் தாம் நின்ற அந்த இரவையே குறிக்கின்றது.