உப்புக்காற்றில் ஒரு தேன்சிட்டுத் தோட்டம்

பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங் பறவை, இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் அதன் இடத்தை நிரப்புவது தேன்சிட்டு. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. பூந்தேனை நம்பிய பிழைப்புதான் இரண்டுக்கும் நீண்ட அலகைத் தந்திருக்கிறது.

இந்தக் கரையோரத்தில் மூன்று வகை உண்டு: ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. மூன்றாவதற்கு அலகு சற்று நீளம், வளைவும் அதிகம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய பழவேற்காட்டில் அந்தப் பெயரோடு ஒரு குருவி திரிவது பொருத்தம்தான்.

தேன்சிட்டால் சில நொடிகள் அந்தரத்தில் சிறகடிக்க முடியும். ஆனாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்து குடிப்பதே அதன் வழக்கம். அமெரிக்கத் தோட்ட நூல்களின் யோசனைகளை அப்படியே இங்கே பின்பற்றினால் பயனில்லாமல் போவது இதனால்தான். பூவுக்குப் பக்கத்திலேயே கால் ஊன்றக் கெட்டியான குச்சி வேண்டும். அங்கே தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியும் இங்கே தேவையில்லை. நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துப்போகும், எறும்பும் மொய்க்கும்.

செடியைத் தீர்மானிப்பது மண்தான். மணலில் தண்ணீர் நிற்காது. கடல்காற்று இலையில் உப்பைப் படியவிடும். அதனால் காற்று வரும் பக்கம் முதலில் பூவரசு நட வேண்டும். போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும், உப்பையும் தாங்கும். அதன் மஞ்சள் பூவுக்குத் தேன்சிட்டும் வரும். கல்யாண முருங்கையும் போத்திலேயே வளரும். இலை உதிர்ந்த கிளைகளில் கோடைக்கு முன்பே செக்கச்செவேலென்று பூத்துவிடும். சிவப்பு பறவைகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறம், தேனீக்களுக்கு அப்படியல்ல. இந்த மறைப்புக்கு உள்ளே செம்பருத்தி, இட்லிப்பூ, மயில்கொன்றை, மாதுளை ஆகியவற்றை வைக்கலாம். செம்பருத்தியில் தேன்சிட்டு சில சமயம் பூவின் அடியைக் குத்தித் தேனை எடுத்துவிடும். மகரந்தம் அதன்மேல் ஒட்டாது. திருட்டுதான், ஆனாலும் செடிக்குப் பெரிய நட்டமில்லை. அடுக்களைத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழையும் வேலியோரம் ஒரு முருங்கையும் இருந்தால் வீட்டுக்கும் ஆகும், குருவிக்கும் ஆகும்.

குழிக்குள் மக்கிய சாணமும் சருகும் போட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நட்டால் வேர் பிடிக்க மழை உதவும். ஏரிச் சேற்றில் உப்பு இருக்கும் என்பதால் உரமாகப் போடக்கூடாது. ஆட்டுக்குப் பயந்து பழைய நைலான் வலையைச் செடியைச் சுற்றிக் கட்டுவதும் ஆபத்து. மெல்லிய கண்ணியில் சிறு பறவைகளின் கால் சிக்கிக்கொள்ளும். பனையோலைத் தட்டியே மேல்.

தேன் மட்டும் போதாது. குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் பூ நிறைய இருந்தாலும் குஞ்சுக்கு இரை கிடைக்காது. சிலந்திவலைக்கு இன்னொரு பயனும் உண்டு. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் அந்த நூலால் பிணைத்துத்தான் பெண் குருவி தொங்கும் பைபோன்ற கூட்டைக் கட்டுகிறது. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சிறு தாழ்வாரம். தாழ்ந்த கிளையிலும், சில நேரம் வாசல் கம்பியிலும் கூடு தொங்கும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். பொரிய ஏறக்குறைய இரண்டு வாரமாகும். குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறக்கும்வரை அந்தக் கிளையைக் கவாத்து செய்யாமல் விட வேண்டும்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆண் தன் மினுமினுப்பை இழந்து, மஞ்சள் வயிற்றில் கறுப்புக் கோடு ஒன்றோடு பெண்ணைப்போலாகிவிடும். வேறு பறவை வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். எல்லைச் சண்டைக் காலத்தில் ஆண் குருவி வாசலில் நிற்கும் பைக்கின் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியென்று கொத்தும். கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டுவைத்தால் அது பூவுக்குத் திரும்பிவிடும்.